செல்ஃப் எடுக்கலையா, இன்ஜின் பிடிக்கலையா? காரின் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் போன் வந்துவிடும். "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல." அடுத்த வாக்கியம் பெரும்பாலும், "புது பேட்டரி என்ன விலை ஆகும்?" என்ன நோய் என்று தெரியும் முன்பே மருந்துக்கு விலை கேட்கிற கதைதான். போனிலேயே நான் திருப்பிக் கேட்கிற கேள்விகளையும், பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவர்கள் என்னிடம் கேட்பவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னா போதாதா? அதுக்கு மேல என்ன சொல்லணும்?

சாவியைத் திருப்பியதும் காதில் என்ன விழுந்தது என்று சொல்லுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டார்ட் ஆகல என்பது ஒரு வியாதி இல்லை, மூன்று. முதல் வகையில் செல்ஃபே, அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டாரே, சுற்றாது. ஒரு சத்தமும் வராது, அல்லது 'டிக்டிக்டிக்' என்று பல்லி கத்துவதுபோல் வரும், அல்லது ஒரே ஒரு 'டொக்'. இரண்டாவது வகையில் செல்ஃப் சுற்றும், ஆனால் 'ஊ... ஊ... ஊ...' என்று மூட்டை தூக்கியவன் படியேறுகிற மாதிரி சுற்றும். மூன்றாவதில் செல்ஃப் ஜோராக அடிக்கும், இன்ஜின் மட்டும் பிடிக்காது.

முதல் இரண்டும் கரண்ட் சம்பந்தப்பட்டவை: பேட்டரி, கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார். மூன்றாவது வந்தால் பேட்டரியை விட்டுவிட்டுப் பெட்ரோல், பொறி, சென்சார், சாவி என்று தேட வேண்டும். மூன்றாவது வகைக்குப் பேட்டரி மாற்றிவிட்டு வருகிறவர்களை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பேட்டரி விற்றவர் மேல் எனக்குக் கோபமில்லை, கேட்டதைக் கொடுத்தார்.

இன்னும் இரண்டு விவரம் வேண்டும். குளிர்ந்த இன்ஜினிலா, ஓடி வந்து நின்ற சூட்டிலா? நேற்று என்ன நடந்தது? மழையா, பெட்ரோல் போட்டீர்களா, யாராவது ஸ்டீரியோ மாட்டினார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு, "ஒண்ணும் இல்லண்ணே" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள்.

டிக்டிக்னு சத்தம் வருது. பேட்டரி போச்சுன்னு முடிவு பண்ணிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். செல்ஃப் மோட்டார் ஒரு சின்னக் காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரண்ட் போகாதபோது சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட்டை இணைத்துவிடுகிற காந்த ஸ்விட்ச்) உள்ளே இழுத்து இழுத்து விடும், அதுதான் அந்த டிக்டிக். கரண்ட் ஏன் போகவில்லை என்பது வேறு கேள்வி. பேட்டரி காலியாக இருக்கலாம், டெர்மினல் லூஸாகவும் இருக்கலாம்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, யாரையாவது முன்னால் நிற்கச் சொல்லி, சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப்போய்ச் சிவப்பாக மங்கினால் பேட்டரியில் சரக்கு இல்லை அல்லது டெர்மினல் பிடிப்பு இல்லை. லைட் கொஞ்சமும் அசையாமல் அப்படியே எரிந்தால், செல்ஃபுக்குக் கரண்ட்டே போய்ச் சேரவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, கிளட்ச் ஸ்விட்ச், சொலினாய்டு ஒயர் என்று அந்தப் பக்கம் பாருங்கள். காசில்லாத இந்தப் பரிசோதனையை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் போனில் பேட்டரி விலைதான் கேட்பார்கள்.

பிறகு டெர்மினல் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள். கைக்கு அசைந்தால் அது லூஸ். 10 நம்பர் ஸ்பானர் போதும்.

டெர்மினல்ல பச்சையா, வெள்ளையா பூத்திருக்கு. அதனால என்ன?

அந்தப் பூ கரண்ட்டைக் கடத்தாது, அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட் ஆவி உலோகத்தைத் தின்று வந்தது அது. நம்ம பக்கம் கடற்காற்று வேறு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டு ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் செதில் செதிலாக உரிகிறது, பானட்டுக்குள் இருக்கும் செம்பை மட்டும் உப்பு விட்டு வைக்குமா?

முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பொங்கிக்கொண்டு கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், துடையுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்னால் தடவக் கூடாது. சோடா தண்ணீர் பேட்டரி மூடி ஓட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் காயிலின் அழுக்கும் தூசியும் வரும். எங்கள் பகுதி போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சாம்பாருக்குக்கூட ஆகாது.

புது பேட்டரி போட்டும் அதே கதைதான். இப்ப என்ன பண்றது?

இதற்கு மட்டும் ஒரு வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற ஒருவர். விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டும், எடுக்காது. செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றும். ஒரு வருஷத்தில் இரண்டு பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். "வண்டிக்கு யாரோ செய்வினை வெச்சிட்டாங்க தம்பி" என்றார், பாதி சிரிப்போடு. பேட்டரியை அளந்தேன், 12.6. அருமையான பேட்டரி. அவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்தேன். 1.9 வோல்ட் காட்டியது.

அங்கே 0.2, மிஞ்சிப்போனால் 0.3 தான் காட்ட வேண்டும். காரணம் எளிமையானது. செல்ஃபுக்குள் போன கரண்ட் திரும்பி மைனஸுக்கு வந்தாக வேண்டும். வருகிற வழி இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பேட்டரிக்கும் போகிற எர்த் கேபிள். அந்த வழியில் 1.9 வோல்ட் வீணானால் செல்ஃபுக்கு மிச்சம் எவ்வளவு கிடைக்கும்?

கேபிளைப் பார்த்தால் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ரப்பர் உறை பளபளவென்று. கிளிப்பைக் கழற்றி உறையை பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி இருந்தது. நாற்பது ஐம்பது இழைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு இழை மட்டும் முடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிகிற வண்டி, கடற்கரையிலேயே நிற்கிற வண்டி. உப்பு உறைக்குள் ஏறி வருஷக்கணக்கில் தின்றிருக்கிறது. புது கேபிள் போட்டு, சேஸிஸில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி மாட்டினேன். மீட்டர் 0.1 காட்டியது, ஒரே அடியில் ஸ்டார்ட். செய்வினையின் விலை ஒரு கேபிள், இரண்டு போல்ட்.

ஆகவே, பேட்டரி மாற்றியும் சரியாகவில்லையென்றால் அடுத்து செல்ஃபை மாற்றாதீர்கள். நடுவில் இருக்கிற ஒயரை அளக்கச் சொல்லுங்கள். பிளஸ் பக்கமும் அதே முறைதான்: பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை, ஸ்டார்ட் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் வழியில் திருட்டு நடக்கிறது.

மல்டிமீட்டர் வாங்கி வெச்சிருக்கேன். எந்த அளவு வந்தா சரி?

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவி போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட வெறும் டப்பா. இரவில் ஓட்டி வந்து நிறுத்திய உடனே அளந்தால் 12.8, 12.9 காட்டி ஏமாற்றும், அது மேலோட்டமான சார்ஜ்.

ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. நன்றாக இருக்கிற பேட்டரி 10-க்கு மேலேயே நிற்கும். 12.6 காட்டிவிட்டு ஸ்டார்ட் அடித்ததும் 7-க்கு விழுந்தால் அது வெளியே மினுக்கி உள்ளே செத்த பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை வந்தால் டைனமோ சார்ஜ் பண்ணுகிறது. 13-க்குக் கீழே இருந்தால் டைனமோவைப் பாருங்கள், 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டரைப் பாருங்கள், இல்லாவிட்டால் பேட்டரி வெந்துபோகும். புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே பெட்ரோலை மிச்சப்படுத்தச் சார்ஜிங்கைக் குறைத்துக் கூட்டும், அதில் கொஞ்ச நேரம் 13-க்குக் கீழே காட்டினால் பதற வேண்டாம். ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டுவிட்டுப் பாருங்கள்.

பேட்டரியின் ஆயுள் பற்றியும் கேட்பார்கள். குளிர் நாட்டில் பனி பேட்டரியைப் படுத்தும் என்பார்கள், நம்ம ஊரில் அக்னி வெயில்தான் எமன். மூன்று, நான்கு வருஷம் ஓடினால் சந்தோஷப்படுங்கள். கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஐடிலில் நிற்கிற வண்டிக்கு அதுவும் கிடைக்காது. ஐடிலில் டைனமோ தன் முழு வலுவைத் தராது.

ஒரே ஒரு 'டொக்'. அப்புறம் அமைதி. இது என்ன?

லைட் மங்காமல் ஒற்றை 'டொக்' வந்தால் சொலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சொலினாய்டுக்குள் இருக்கிற செம்புத் தொடுமுனை கருகியிருக்கலாம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் வீல் ஸ்பானரால் செல்ஃப் உடம்பில் லேசாகத் தட்ட, வண்டி எடுத்துவிட்டால் பிரஷ்தான். அந்தத் தட்டல் வைத்தியம் இன்னும் இரண்டு மூன்று முறை பலிக்கும், அதற்குள் பட்டறைக்கு வந்துவிடுங்கள். பிரஷ், புஷ் மாற்றினாலே பல செல்ஃப்கள் பிழைத்துக்கொள்ளும். முழு செட் மாற்றச் சொன்னால் பழையதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

'விர்ர்ர்' என்று செல்ஃப் மட்டும் தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் பல், அதாவது செல்ஃபை இன்ஜினோடு கோக்கிற பல் சக்கரம், பிடிக்கவில்லை.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? ஜம்ப் போடுறது எப்படி?

மேனுவல் கியர் வண்டி, பேட்டரியில் டேஷ்போர்டு எரிகிற அளவுக்காவது உயிர் இருக்கிறது என்றால் தள்ளலாம். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி வேகம் எடுத்ததும் சட்டென்று விடுங்கள். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் தெருவே கூடித் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் விழித்தால்தானே இன்ஜின் பிடிக்கும்? ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது.

ஜம்ப் கேபிள் என்றால் வரிசை முக்கியம். சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசியாக மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கும், அங்கே பொறி வேண்டாம். நல்ல வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு அடியுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் பேட்டரியோடு போகாது, கம்ப்யூட்டரும் டைனமோ டயோடும் சேர்ந்து போகும்.

ரெண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிடுது. ஓட்டினா சரியா இருக்கு.

வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. பூட்டிய கார் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம், கடிகாரமும் அலாரமும் வாழ வேண்டுமே. 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி பாதிக்கு இறங்க இரண்டரை நாள்கூட ஆகாது.

அளக்க, மைனஸ் கேபிளைக் கழற்றி மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துக் கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மாட்டுங்கள். பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள், கம்ப்யூட்டர்கள் உறங்கப் போக நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் சாவி போட்டு ஸ்டார்ட் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அங்கே திருடன்.

என் அனுபவத்தில் முதல் சந்தேகம் கடையில் மாட்டியவை மேல்தான்: ஆம்ப்ளிஃபையர், டேஷ்கேம், ட்ராக்கர், டேஷ்போர்டில் நேர் கரண்டில் மாட்டிய சாமி விளக்கு. பிள்ளையாரோ மாதாவோ, சாவியை ஆன் பண்ணினால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் மாட்டச் சொல்லுங்கள், ராத்திரி அவர்களும் ஓய்வெடுக்கட்டும். இதெல்லாம் சரியென்றால், காலையில் குளிர்ந்திருக்க வேண்டிய டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு போயிருக்கிறது.

செல்ஃப் சூப்பரா அடிக்குது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பின் சீட்டிலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள், பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் அடிக்காதீர்கள். இரண்டு நொடி 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கும். கேட்கவில்லையென்றால் பம்ப் ஃப்யூஸ், ரிலே, கடைசியாகப் பம்ப். பல கார்களில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரிதான், நம்பர் பார்த்து மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம். சில மாடல்களில் மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு. எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளத்தில் பலமாக விழுந்து எழுந்த வண்டி எடுக்கவில்லை என்றால் அதை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

பம்ப் சத்தம் வருகிறது, ஆனால் காலையில் மட்டும் ஐந்தாறு முறை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். சாவியை ஆன் பண்ணி மூன்று நொடி, ஆஃப், திரும்ப ஆன், மூன்று முறை. பிறகு அடியுங்கள். சட்டென்று எடுத்தால் ராத்திரியில் லைனிலிருந்த அழுத்தம் வடிந்துபோகிறது என்று அர்த்தம். பம்பின் செக் வால்வோ, கசிகிற இன்ஜெக்டரோ.

அடுத்தது பொறி. ஸ்பார்க் ப்ளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாசனையோடு வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி வண்டி ஓவர் ஃப்ளோ ஆகிவிட்டது. ஓவர் ஃப்ளோ என்றால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஐந்து நொடி அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். ப்ளக் காய்ந்து வந்தால் பெட்ரோல் வரவில்லை.

டேஷ்போர்டில் சாவி படம் வேகமாக மின்னுகிறதா? இம்மொபிலைசர் உங்களைத் திருடன் என்று நினைக்கிறது. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது அது கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார்) மேல் சந்தேகம் வையுங்கள், சில வண்டிகளில் சென்சார் நன்றாக இருந்தாலும் முள் அசையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. செல்ஃப் வழக்கத்தைவிட இலகுவாக, சீராக, காற்றை வெட்டுகிற மாதிரி சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். தொடர்ந்து அடித்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டும். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிஷம் விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூட்டில் வெந்தால் இரண்டு செலவு.

குளிர்ச்சியா இருந்தா எடுக்குது. மூலக்கடையில டீ குடிச்சிட்டு வந்தா எடுக்கல!

இது என் அபிமான நோய். இன்ஜினை அணைத்த பிறகு பத்து, பதினைந்து நிமிஷத்தில்தான் பானட்டுக்குள் சூடு உச்சத்துக்குப் போகும், ஓடுகிற காற்றும் இல்லை, தண்ணீர் சுற்றலும் இல்லை. அந்த நேரத்தில் தளர்ந்த கிராங்க் சென்சார் வேலைநிறுத்தம் செய்யும். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி எடுக்கும், மெக்கானிக் வருகிற நேரத்துக்குச் சமர்த்தாக இருக்கும். எடுக்காத நிலையிலேயே சென்சார் மேல் ஈரத் துணி போட்டு ஆறவைத்து அடித்துப் பாருங்கள், பிடித்துவிட்டால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான்.

செல்ஃப் சூட்டில் முக்கினால் செல்ஃப் அல்லது எர்த். பிடித்தாலும் கறுப்புப் புகையோடும் பெட்ரோல் வாசனையோடும் எடுத்தால் கூலன்ட் சென்சார் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகப் பொய் சொல்கிறது, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது.

டீசல் வண்டிக்கும் இதேதானா?

கரண்ட் பக்கம் இதேதான். மற்றபடி வேறு உலகம். டீசலில் பொறி இல்லை, காற்றை அமுக்கிய சூட்டிலேயே பற்ற வேண்டும். அதற்கு உதவத்தான் ஹீட்டர் ப்ளக். நம்ம ஊர் வெயிலில் நாலில் இரண்டு ஹீட்டர் ப்ளக் செத்தாலும் தெரியாது, மார்கழி காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு உதறும். ஆகவே சித்திரையில் வண்டி எடுக்கவில்லை என்றால் ஹீட்டர் ப்ளக் மேல் பழி போடாதீர்கள்.

அதிகம் வருவது ஏர் லாக், அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகுந்து அடைப்பது. ஃபில்டர் மாற்றியபின் மூடி சரியாக உட்காரவில்லை, ரிட்டர்ன் ஓஸ் வெடித்திருக்கிறது, டேங்க் வறளும்வரை ஓட்டியாகிவிட்டது. ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் இறுகும்வரை அமுக்குங்கள். ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்கிற திருகும் இருக்கும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து வடியுங்கள்.

காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வண்டி) அந்தக் குழாயின் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரைத் தொடாமல் இன்ஜெக்டர் திறக்காது. சூட்டில் எடுக்காத டீசல் என்றால் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் சின்னப் பாட்டில் மாட்டி எதில் அதிகம் வழிகிறது என்று பாருங்கள். பத்தாயிரக்கணக்கில் செலவு சொல்கிற முன் இந்த நாலு பாட்டில் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும்.

சி.என்.ஜி. வண்டி?

பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் சி.என்.ஜி.க்கு மாறும். "கேஸ்லதானே ஓடுது" என்று பெட்ரோல் டேங்கை மாதக்கணக்கில் காயப் போட்டால் பழைய பெட்ரோலும், காய்ந்த பம்பும் சேர்ந்து காலை வாரும். கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒரு நாள் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

இ-20 பெட்ரோலாலதான் வண்டி எடுக்கலன்னு சொல்றாங்களே?

இ-20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது அபூர்வம். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டேங்க் அடியில் பிரிந்து உட்காரலாம். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பழைய வண்டிகளில் ரப்பர் ஓஸ்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைலேஜ் குறைவது உண்மை, அது வேறு விவாதம்.

மழைத்தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?

கூடாது. சாவியையே தொடாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி என்று எங்கும் பானட் மட்டத்துக்குத் தண்ணீர். எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது, கதவில் கறுப்புக் கோடு வரைந்த மாதிரி நின்ற கார்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவற்றில் பிழைத்தவை யாரும் ஸ்டார்ட் அடிக்காதவை. இன்ஜின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஓடுகிற இன்ஜின் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் நின்று, திரும்ப அடித்தால் இதே கதி.

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள், ஃபில்டர் ஈரமா என்று போட்டோ எடுங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவுங்கள், ஆயில் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ப்ளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் பெரும்பாலும் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன்பே பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

எலி?

உண்டு, நிறைய. ராயபுரம், காசிமேடு சந்துகளில் நிற்கிற வண்டிக்கு எலியில்லாவிட்டால்தான் ஆச்சரியம். இன்ஜெக்டர் ஒயரையும் சென்சார் ஒயரையும் நறுக்கிவிட்டு, பானட்டுக்கு அடியில் கருவாட்டுத் தலையை விட்டுவிட்டுப் போகும். நாப்தலின் உருண்டை, வேப்பெண்ணெய் எல்லாம் ஒரு வாரம். இன்ஜின் கீழ்க்கவசம் கழன்று தொங்கினால் மாட்டுங்கள், வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

ஸ்கேனர் போட்டா எல்லாம் தெரிஞ்சிடாதா?

ஸ்கேனர் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, எந்த சர்க்யூட்டில் குறை என்று மட்டும் சொல்லும். பி0335 என்ற பிழை எண் வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட். அது சென்சாராக இருக்கலாம், அதற்குப் போகிற ஒயராக இருக்கலாம், எலியாகவும் இருக்கலாம். பிழை எண்ணைப் பார்த்தவுடன் அழித்துவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அழிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். எர்த் கேபிள் கெட்டதற்குப் பெரும்பாலும் பிழை எண்ணே வராது, காசிமேட்டுக்காரர் வண்டியில் ஒன்றுமே வரவில்லை.

பட்டன் ஸ்டார்ட், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏதாவது தனியா?

ரிமோட்டைப் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அமுக்குங்கள், ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பல வண்டிகள் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங் நிலையில் எடுக்காவிட்டால் பிரேக்கை மிதித்து நியூட்ரலில் போட்டுப் பாருங்கள், கியர் லீவரின் ஸ்விட்ச் பிசகியிருந்தால் அதில் எடுக்கும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள், பிரேக் ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டால் பட்டன் உங்களை மதிக்காது.

ரெண்டு மாசம் ஊருக்குப் போறேன். வண்டிய எப்படி விட்டுட்டுப் போறது?

முடிந்தால் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுவது உதவாது, எடுத்த கரண்ட்டைத் திருப்பிக் கட்டக்கூட அது பத்தாது. அப்படி யாரும் இல்லையென்றால் டேங்கை நிரப்பிவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். கழற்றிய ஸ்பானரை டிக்கிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். பேட்டரி இல்லாமல் ரிமோட் வேலை செய்யாது, பல வண்டிகளில் டிக்கிக்குச் சாவித் துளையே கிடையாது. போன பொங்கலுக்கு ஒருவர் அப்படிப் பூட்டிவிட்டு, பின் சீட்டை மடித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஊர்ந்துபோய் ஸ்பானரை எடுத்தார்.